கொழுந்துச் சாக்கும் கூட்டுக் குழுவும்

நோர்வூட்டுக்கு இறங்கும் தோட்டத்துப் பாதையில் நாங்கள் ஐந்து பேர் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் செல்லமுத்து, தலையில் தகரப் பெட்டியுடன். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி மாரியாயி. இடுப்பில் சின்னவள், கையைப் பிடித்தபடி பெரியவன். கடைசியில் நான், அவர்களுடைய அம்மிக் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு. அம்மியைத் தூக்க முடியாது என்று, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்து வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

“அம்மி இல்லாம கொழவிய மட்டும் வச்சு என்னா பண்ணப் போற?” என்று கேட்டேன்.

“அம்மி எங்க போனாலும் கெடைக்கும்ண்ணே. கொழவி கைக்குப் பழகினதா இருக்கணும்,” என்றாள் மாரியாயி, திரும்பிப் பார்க்காமல்.

நான் வெறுங்காலோடு நடந்தேன். கம்பனி கொடுத்த சப்பாத்தை அன்று காலையில்தான் கழற்றிக் கொடுத்திருந்தேன். சில வருஷம் சப்பாத்துக்குள் சொகுசாக இருந்த கால், தோட்டத்துக் கல்லை மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு கல்லும் அதை நினைவுபடுத்தியது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை எப்படிக் கலப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், புத்தகமும் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் ஏன் அந்தப் பாதையில் நடந்தோம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருஷம் நான் யாத்திரை மலையடிவாரமான நல்லதண்ணியில் ஒரு பருவகாலக் கடையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது, அல்லது நான் அதை விட்டுவிட்டேன். பிறகு ஹட்டன் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை, ஒரு லொறி, ரோட்டு வேலையில் கல்லுடைப்பு, மறுபடியும் லொறி. எந்த வேலையிலும் முதலாளி போகச் சொல்லும் முன்பே போய்விடுவது என் பழக்கம். மலை ஏற வந்த யாத்திரிகர்களிடம் சிங்களம் பிடித்துக்கொண்டேன். லொறி போன இடத்திலெல்லாம் இங்கிலீஷும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மூன்று மொழி பேசத் தெரிந்தவன், முதுகில் மருந்து டாங்கி சுமக்கக் கூடியவன், படித்தவன் கேட்கிற மரியாதையைக் கேட்காதவன் என்று ஒருவன் மருந்துக் கம்பனிக்குத் தேவைப்பட்டபோது, நான் ஹட்டன் ஸ்டேஷனில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

தேயிலையில் கொப்புள நோய் பரவியிருந்த காலம் அது. இலையில் கொப்புளம் கட்டிக் கொழுந்தே கருகிவிடும். அதற்குச் செம்பு மருந்து. தோட்டம் தோட்டமாகப் போய், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, அதை எப்படி அடிப்பது என்று காட்ட வேண்டும். கூடவே அந்த நீலப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டச் சொல்வார் எங்கள் மேனேஜர், பயப்பட ஒன்றுமில்லை என்று ஜனங்கள் நம்புவதற்காக. வைப்பேன். நாள் முழுக்க வாயில் செப்புக் காசு கிடப்பதுபோல இருக்கும். கொழுந்துக்கூடையோடு நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

“பாவம்டி, மருந்துக்கார அண்ணனுக்கு ரொட்டி தட்டிக் குடுக்க வீட்டுல ஆளில்ல. பொடியத் திங்குது.”

சில வருஷம் கழித்து, தண்டைத் துளைக்கிற வண்டுக்கு ஒரு புது மருந்து வந்தது. தண்ணீரில் விட்டால் பால்போலக் கலங்கும். மூடியைத் திறந்தால் வாடை மண்டைக்குள் போகும். முதல் தோட்டத்தில் வழக்கம்போல நாக்கை நீட்டத் தயாராக நின்றேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது வேண்டாம்” என்றார். டின்னில் எழுதியிருந்ததும் அதுதான். எழுதியிருந்தது இங்கிலீஷில். டாங்கி சுமந்த ஆட்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கம்பனி உங்களை எதை நக்கிக் காட்டச் சொல்லவில்லையோ, அதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

அந்த வாடை தேயிலையிலும் ஏறியது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் பெட்டிகளைத் திருப்பினார்கள். நம் தேயிலையை மட்டுமல்ல, தென்னிந்தியத் தோட்டங்களின் தேயிலையையும்தான். எந்த மருந்தை அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம், டின்னில் என்ன எழுத வேண்டும், இதற்கெல்லாம் இரண்டு நாடும் சேர்ந்து ஒரே விதி செய்யுங்கள்; இல்லையென்றால் ஆபிரிக்காவில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு அரசாங்கத்து அதிகாரிகள், இரண்டு பக்கத்துத் தோட்டங்களை நடத்துகிற துரைமார், மருந்து இறக்குகிற கம்பனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைந்தது.

நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை அங்கே ஒதுக்கிய சரக்கு இங்கே துறைமுகத்தில் மலிவாக இறங்கியது. இங்கே மறுத்தது அங்கே போனது. நடுவில் இருப்பது ஒரு துண்டுக் கடல். சேர்ந்து விதி செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மருந்தையே தடை செய்துவிடுவார்களோ என்று கம்பனிக்குப் பயம். காத்திருக்கும் நாளைக் கூட்டிவிடுவார்களோ என்று துரைமாருக்குப் பயம்; வாரத்துக்கு ஒரு தடவை கொழுந்தைக் கிள்ளாவிட்டால் அது முற்றிப் பாழாகும். இந்த மருந்தை நாட்டுக்குள் விட்டது யார் என்று யாராவது கேட்பார்களோ என்று அதிகாரிகளுக்குப் பயம். இத்தனை பயம் கூடினால், பழி போய் இறங்க ஒரு இடம் தேடும்.

குழு நேரில் பார்ப்பதற்கு நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மருந்தடிப்பதை அங்கே செய்து காட்டுகிற வேலை எனக்கு. அந்தத் தோட்டத்தில் மருந்து டாங்கி சுமக்கிறவர்களில் கெட்டிக்காரன் செல்லமுத்து. நான் போகும்போதெல்லாம் அவன் லயத்து அறையில்தான் சாப்பாடு. முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது. அவனுக்கு அப்போது ஒரே கவலை, பிரஜாவுரிமை விசாரணை. தோட்டத்து ஜனங்களுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத காலம் அது; மனு போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் எந்த நாளும் வரலாம். கடிதம் தோட்டத்து விலாசத்துக்கு வரும்போது ஆள் அங்கே இல்லையென்றால் அது திரும்பிப் போகும். மனுவும் அதோடு முடிந்தது. ஓரிடத்தில் குடியிருக்கிறான், பிழைக்க வழியிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அந்த லயத்து அறைதான் அவனுக்கு வழி, விலாசம், சாட்சி எல்லாம்.

குழு ஆறாம் நம்பர் மலைக்கு வந்தது. குடையும் தொப்பியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். செல்லமுத்து டாங்கியோடு நின்றான். நான் இங்கிலீஷும் சிங்களமுமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது இந்தியப் பக்கத்து அதிகாரி ஒருவர் முன்னால் வந்து தமிழில் பேசினார். கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள மனிதர்.

“உனக்கு எந்த ஊருப்பா?”

“இந்தத் தோட்டந்தாங்க.”

“அது சரி. சொந்த ஊரு?”

“துறையூர்ப் பக்கம்னு சொல்வாங்க. எங்கப்பாவோட தாத்தா காலத்துல வந்ததுங்க. நான் கண்ணால பாத்ததில்ல.”

“அட, துறையூரா! நான் முசிறிக்காரன்ப்பா. பக்கத்து ஊரு.”

செல்லமுத்துவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் தொப்பி போட்ட ஒருவர் அவனிடம் அவன் பேச்சிலேயே ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப மொறை பாத்தா மாமன் மச்சான் ஆயிருவோம் போலருக்கே சாமி,” என்றான். அதிகாரியும் சிரித்தார்.

“சரி, நம்ம ஆளுதானே, உண்மையச் சொல்லு. மருந்தடிச்சு எத்தனை நாள் கழிச்சுக் கொழுந்து எடுக்கறீங்க? இந்த வாடை எப்படி வருது?”

“நாளெல்லாம் இங்க சரியாத்தான் விடுறாங்க சாமி. வாடை அதுனால இல்ல. சாக்குனால வருது.”

நான் நடுவில் புகுந்தேன். “செல்லமுத்து, டாங்கிய எறக்கு. ஐயாவுக்கு மூடியக் கழட்டிக் காட்டணும்,” என்றேன் சத்தமாக.

“இருங்கண்ணே, ஊர்க்காரரு கேக்குறாருல்ல,” என்று என்னை ஒதுக்கிவிட்டு அவன் தொடர்ந்தான். “டாங்கி முதுகத் தின்னுது சாமி. தகரம் அறுத்துப் புண்ணாப் போவுது. முதுகுக்கு வைக்க மெத்தை மாதிரி எதுனாச்சும் குடுங்கன்னு கேட்டோம், வரல்ல. பெரட்டுல கொழுந்துச் சாக்கத்தான் எடுத்துக் குடுத்தாங்க. மடிச்சு முதுகுல வச்சுக்குவோம். மூடி ஒழுகும், சாக்கு நனையும். சாயந்தரம் ஆத்துல ஒரு முக்கு முக்கிக் குடுத்துருவோம். மறுநா அதுலதான் கொழுந்து கட்டி, தேயில அரைக்கிற ஸ்டோருக்குப் போவும்.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. அது இரகசியமும் இல்லை. கங்காணிக்குத் தெரியும், மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சாக்கை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறவர் கண்டாக்குதான். முதுகு மெத்தை வேண்டும் என்று நானும் கம்பனிக்குச் சொல்லியிருந்தேன். அது தோட்டத்தின் பொறுப்பு என்றது கம்பனி. டாங்கியோடு கம்பனிதான் தர வேண்டும் என்றது தோட்டம். அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் சாக்கு வந்து விழுந்தது. அவ்வளவுதான் கதை.

அன்று மத்தியானம் துரையின் பங்களா வராந்தாவில் குழு உட்கார்ந்தது. கேட்டால் பதில் சொல்ல நான் தூணோரம் நின்றேன். முசிறிக்காரர் தான் கேட்டதை இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்த மேசையில் ஏற்பட்ட நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்க்கிற வீடுபோல ஆகிவிட்டது. மருந்தில் பிழையில்லை. நாளில் பிழையில்லை. அனுமதியில் பிழையில்லை. எங்கள் மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். ‘தொழிலாளர்கள் அனுமதியில்லாமல் கொழுந்துச் சாக்குகளைப் பயன்படுத்தியதால்’ என்று ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார்.

நம் நாட்டு அரசாங்கத் திணைக்கள அதிகாரி ஒருவர் மட்டும், நல்ல மனிதர், எழுதுகிற கையைப் பார்த்து, “அனுமதியில்லாமலா? சாக்கை யார் கொடுத்தது?” என்று கேட்டார்.

துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு, “நான் கொடுக்கவில்லை. அவர்களாக எடுத்திருக்கிறார்கள்,” என்றார்.

நான் கேட்கப்படாமலே பேசினேன். “பெரட்டில் கொடுக்கிறார்கள் மாத்தயா. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். நான் பல தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். இங்கேயும் பார்த்தேன்,” என்று அந்த அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்.

துரை எங்கள் மேனேஜரிடம் திரும்பி, “உங்கள் ஆள் என் தோட்டத்தில் வேலை செய்கிறாரா?” என்று கேட்டார்.

“இல்லை. டாங்கியைக் காட்ட வந்தவன்.”

“அப்படியானால் டாங்கியைப் பற்றிப் பேசட்டும்.”

சிலர் சிரித்தார்கள். திணைக்கள அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். எழுதிய வரி எழுதியபடி நின்றது. தேத்தண்ணி வந்தது, வாடையில்லாத நல்ல தேத்தண்ணி.

ஜீப்பில் ஏறும் முன் மேனேஜர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீ கெட்டவன் இல்லை. ஆனால் உனக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. இந்தத் தோட்டத்தில் பாக்கி வேலையை முடி. சாக்கு விஷயத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. வார முடிவில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

அந்த வாரம் முடிவதற்குள் செல்லமுத்துவுக்குப் பத்துச்சீட்டு வந்துவிட்டது. வேலை போயிற்று, அறையைக் காலி செய் என்று அர்த்தம். காரணம், தோட்டத்துச் சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியது. குழுவுக்குத் தோட்டம் நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. சாக்கை முதுகில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். வாயைத் திறந்தவன் ஒருவன். அந்தக் காரணத்தைப் பார்த்தால் வேறு எந்தத் தோட்டத்திலும் பெயர் பதிய மாட்டார்கள். பொகவந்தலாவையில் மாரியாயியின் அண்ணன் இருந்தார். ஆனால் பெயரில்லாத ஆட்களை லயத்தில் தங்க வைத்தால் அவருக்கும் சீட்டு வரும். தொழிற்சங்கத் தலைவர் மாவட்ட ஆபீசுக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதியிருப்பார்.

“அண்ணே, அந்த ஊர்க்காரரு இன்னும் இந்தப் பக்கந்தான் இருக்காராம். அவருக்கு இது தெரியாதுண்ணே. தெரிஞ்சா விடமாட்டாரு. ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க,” என்றான் செல்லமுத்து.

“ஊர்க்காரரு, ஊர்க்காரருன்னு சொல்லித்தான் ஊரவிட்டுக் கெளம்புறோம்,” என்றாள் மாரியாயி, அடுப்பை ஊதிக்கொண்டே.

குழு திம்புள்ளப் பக்கத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு லொறியில் தொற்றிப் போய், அவர்கள் தங்கியிருந்த விடுதியைப் பிடித்தேன். முசிறிக்காரரும் நம் திணைக்கள அதிகாரியும் ஒரே மேசையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே சொன்னேன்.

முசிறிக்காரர் கரண்டியை வைத்துவிட்டார். முகம் உண்மையாகவே வாடிவிட்டது. அந்த மனிதரைப் பொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். “ஐயோ, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன். சாக்கு ரெண்டு நாட்டுத் தேயிலையையும் கெடுக்கற விஷயம். அதை மறைக்க முடியுமாப்பா?”

“சாக்கு சரிங்க ஐயா. ஆளு?”

“அது இந்த நாட்டு உள்விவகாரம். நான் ஒரு அரசாங்கத்துப் பிரதிநிதி. தலையிட்டா தப்பாப் போயிடும்,” என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார்.

நான் திணைக்கள அதிகாரியிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தபடி, “என் திணைக்களம் மருந்து சம்பந்தப்பட்டது. ஆளை நிறுத்துவதும் வைப்பதும் தோட்டத்தின் அதிகாரம். அதோடு அவர் இன்னும் பிரஜையும் இல்லையே. இந்தியத் தரப்புதான் கேட்க வேண்டும்,” என்றார்.

ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, நடுவில் நான் நின்றேன். மருந்துக்கு இரண்டு நாடு. தேயிலைக்கு இரண்டு நாடு. சாக்குக்கும் இரண்டு நாடு. சாக்கைச் சுமந்த முதுகுக்கு மட்டும் ஒரு நாடும் இல்லை. பின்னாளில் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து எங்கள் ஜனங்களையே உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டபோது ஊரெல்லாம் அதிர்ந்தது. நான் அதிரவில்லை. முட்டைத் தட்டுக்கு இரண்டு பக்கமும் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டவன்.

தம்பிமாரே, இனி நீங்களும் இப்படிக் குழுக்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போவீர்கள். மேசையில் நாற்காலி இல்லாதவன் தலையில்தான் ஒப்பந்தம் வந்து இறங்கும் என்று தெரிந்து கூட்டிப் போங்கள். ‘உண்மையைச் சொல்’ என்று அவனிடம் சொல்லும் முன், அந்த உண்மையை யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். கேட்கிறவர் நம் பேச்சுப் பேசினால் இரண்டு மடங்கு சொல்லுங்கள். பொய் பேசச் சொல்லவில்லை. தனியாகப் பேசாதே என்று சொல்லுங்கள். பத்துப் பேர் சாக்கு வைத்தால் பத்துப் பேரும் சேர்ந்து சொல்லட்டும். பத்துப் பேருக்குச் சீட்டுக் கொடுத்தால் மறுநாள் மருந்தடிக்க ஆள் இருக்காது. இது சட்டம் இல்லை, அறமும் இல்லை. வெறும் கணக்கு. அந்த மேசைகளுக்குப் புரிகிற பாஷை அது ஒன்றுதான்.

வார முடிவில் மேனேஜர் வந்தார். கடிதம் எழுதவில்லை என்றேன். “யோசித்துப் பார். இந்த மாதிரி வேலை உனக்கு இனிக் கிடைக்காது,” என்றார். அது உண்மைதான் என்று பட்டது. சப்பாத்தைக் கழற்றி ஜீப்பின் மிதிபலகையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு போனார். நான் லயத்துக்குப் போனபோது செல்லமுத்து தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் குழவியை எடுத்துக்கொண்டேன்.

நோர்வூட்டில் பஸ் போய்விட்டிருந்தது. டிக்கோயா வரை நடந்தோம். வழியில் செல்லமுத்து ஒரு தடவைதான் பேசினான்.

“அண்ணே, கடிதாசி வந்தா தோட்டத்து ஆபீசுல வாங்கி வச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“தபால்காரர்ட்ட வேற விலாசம் சொல்லி வச்சா?”

“விலாசம் இருக்கணுமே.”

அவன் பெட்டியை ஒரு தடவை இறக்கி, மற்றப் பக்கம் வாகாக வைத்துக்கொண்டான். டிக்கோயாவில் ஒரு மரக்கறி லொறிக்காரன் இரங்கி ஏற்றிக்கொண்டான். ஹட்டனில் கோயில் மடத்தில் படுத்தோம்.

நான் அன்றுவரை ஒரு கதவுக்கும் சொந்தம் கொண்டாடியவன் இல்லை. மூன்று மாதம் ஒரே கூரையைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். விடிந்ததும் கடைவீதிக்குப் போனேன். முன்பு நான் வேலை பார்த்த மளிகைக் கடை முதலாளி வாசலில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு, மருந்துக்காரரா? என்னாய்யா, கால்ல ஒண்ணும் காணோம்?”

“வேலைய விட்டுட்டேன் முதலாளி. ஒங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

“ஒனக்கா? வந்தா நிக்க மாட்டியே.” சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். “பின்னால குடோனுக்குக் காவலுக்கு ஆளு வேணும். இப்ப தோட்டங்களுக்கு மருந்து சப்ளையும் எடுத்திருக்கேன். இருந்தவன் வாடை தாங்கலன்னு ஓடிட்டான். ஒனக்குத்தான் அது பழக்கமாச்சே. ஒரு அறையும் இருக்கு. ஆனா நிப்பியா?”

“நிப்பேன்.”

“எவ்வளவு நாளு?”

“ஒரு விசாரணை முடியிற வரைக்கும் கண்டிப்பா நிப்பேன். அறைக்கு ஒங்க கடை விலாசம்தானே?”

“வேற எந்த விலாசம்? ஒத்த ஆளு, ஒனக்கு எதுக்குய்யா விலாசம்?”

“ஒத்த ஆளு இல்ல முதலாளி. குடும்பம் இருக்கு. அவனும் வேல செய்வான், மூட்ட தூக்குவான்.”

“குடும்பமா? ஒனக்கு எப்பய்யா குடும்பம் வந்துச்சு?”

“நேத்து சாயந்தரம்.”

அவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். எதிர்ப் பக்கத்தில் தகரப் பெட்டிமேல் பெரியவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செல்லமுத்து நின்றான். முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

குடோனைத் திறந்தோம். பின்னறையிலும் பாதிக்கு மேல் மருந்து டின்கள்தான். அந்தப் புது மருந்து. இரண்டு டின்னின் அடியில் கசிந்து, சிமெந்துத் தரையில் பரவிக் காய்ந்திருந்தது. நானும் செல்லமுத்துவும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முன்பக்கம் அடுக்கினோம். மாரியாயி வாசலில் நின்று மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியும். புள்ளைங்க இங்க படுக்கலாமா?”

சிமெந்தில் ஊறியது கழுவினால் போகாது என்று எனக்குத் தெரியும். எந்த டின்னிலும் அது எழுதியிருக்கவில்லை, நான் கண்டு தெரிந்துகொண்டது. வெளியே தபால்காரர் சைக்கிளை நிறுத்தி முதலாளியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

“சோடா போட்டு நல்லாக் கழுவுவோம். சன்னல சாத்தாம படுக்கலாம்,” என்றேன்.

வாளியும் தும்புத்தடியும் கேட்டு வாங்கிவரப் போனேன். போகிற வழியில் தபால்காரரை நிறுத்தி, செல்லமுத்துவின் பெயரையும் தோட்டத்தையும் சொல்லி, அவன் கடிதம் வந்தால் இந்தக் கடையின் விலாசத்துக்குத் திருப்பச் சொன்னேன். பிறகு வந்து தரையைத் தேய்க்க ஆரம்பித்தேன். அதுதான் அந்தக் காவல் வேலையில் நான் செய்த முதல் வேலை.